பொள்ளல் பார்த்தல்

சுத்தியலின் மரப்பிடியால்
தட்டிக்கொண்டு போகிறேன்.
டக். டக். டக்.
பிறகு, குழாய்க்கு மேலே ஒரு சாண் தள்ளி,
தொப்.
அங்கே பென்சிலால் ஒரு வட்டம்.

ஹாலிஃபாக்ஸ். மேடேறும் தெருவில்
தோளோடு தோள் ஒட்டிய வீடுகளில் பதினேழாவது.
மூன்று நாளாய்ப் பழைய டைல்ஸைப் பெயர்த்தேன்.
சில, பிஸ்கட் போல முழுதாய்க் கழன்றன.
சில, போகும்போது சுவரின் தோலையும்
கூட்டிக்கொண்டு போயின.
தோலுக்குக் கீழே சாம்பல் நிறச் சுண்ணாம்பு.
சுண்ணாம்புக்குள் குதிரை மயிர்.
பொய்யில்லை, அந்தக் காலத்துப் பூச்சு அப்படித்தான்.
விரலில் ஒட்டிய ஒன்றை
ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன்: செம்பட்டை.
எந்த மேட்டில் எந்த வண்டியை இழுத்ததோ,
இத்தனை நாளும் என் ஷாம்பூ போத்தலுக்குப் பின்னால்
நின்றபடியே நின்றிருக்கிறது.

கடைப்பெண் சொன்னாள்:
பழைய பூச்சென்றால் சதுர மீட்டருக்கு
இருபது கிலோ, அதற்கு மேல் ஏற்றாதே.
நான் ஆசைப்பட்ட கடல்பச்சை டைல்
பசையோடு சேர்த்து இருபத்தாறு.
"ஆறு கிலோதானே" என்றான் சுகுணபாலன்,
எந்தப் பாரத்தையும் மிச்சத்தை மட்டும் பார்த்துச் சொல்பவன்.
ஒரு மாதம் தாங்கும், ஒரு வருடமும் தாங்கும்,
பிறகு ஒரு ராத்திரி மூன்று மணிக்கு
எல்லாவற்றையும் குளியல் தொட்டிக்குள் இறக்கிவைக்கும்
(இதில் உவமை ஒன்றும் இல்லை,
அவள் சொன்னது அப்படியே).
மெல்லிய வெள்ளை எடுத்தோம். பதினான்கு.
கடல்பச்சையில் ஒன்றே ஒன்று வாங்கினேன்,
தேநீர்க் கோப்பை வைக்க.

பளபளப்புப் பெயின்ட் மிஞ்சிய இடமெல்லாம்
சுரண்டவேண்டும்; வழுக்கும் முகத்தில் பசை நிற்காது.
தூசியை ஈரப் பஞ்சால் துடைக்கவேண்டும்.
மரத்துக்குப் பூசும் வெள்ளைக் கோந்தை இரண்டு கோட் அடி,
கல்லாய்ப் பிடிக்கும் என்றார் வேலையிடத்தில் ஒருவர்.
நனைந்தால் அதுவே மறுபடி கூழாகும் என்றது
ப்ரைமர் வாளியின் முதுகில் இருந்த பொடி எழுத்து.
நான் வாளியை நம்பினேன்.

இன்று நடுச்சுவர்.
டக் டக்.
அந்தப் பக்கத்திலிருந்து
டக் டக்.

நிறுத்தினேன். நின்றது.
ஒருக்காத் தட்டினேன். ஒருக்கா வந்தது.
ஐந்து வருடமாய் இந்தச் சுவர் வழியே
இருமல் தெரியும், ஆறு மணி வானொலி தெரியும்.
முகம், குப்பைத் தொட்டி வைக்கும் நாளில்
தொப்பிக்குக் கீழே பாதி.
சுவருக்குக் காது உண்டென்று சொல்லித் தந்தார்கள்.
கை உண்டென்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு வாசல் மணி.
மிஸஸ் பாரக்ளஃப், வீட்டுச் செருப்போடு, மழையில்.
"குளியலறையில் விழுந்துவிட்டு
உதவிக்குத் தட்டுகிறாய் என்று நினைத்தேன்."
கையில் தொலைபேசி.
திரையில் இரண்டு ஒன்பது.
மூன்றாவதின் மேல்
கட்டைவிரல் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

என் முழங்கையெல்லாம் சுண்ணாம்பு.
முதலில் நான்தான் சிரித்திருக்கவேண்டும்.
மேலே வந்து வட்டங்களை எண்ணினார், ஒன்பது.
விரல் மொட்டியால் ஒன்றைத் தட்டிவிட்டு,
"என் பக்கமும் இதே இடம் பொள்ளல்தான்,
எண்பத்தொன்றிலேயே தெரியும்,
அலமாரியை முன்னால் தள்ளி வைத்துவிட்டேன்" என்றார்,
வயதை ஒத்துக்கொள்பவர் போல் அல்ல,
சீட்டாட்டத்தில் வென்றவர் போல்.

போகும்போது ஓர் ஒப்பந்தம்:
மூன்று தட்டு என்றால்தான் ஆபத்து.

பொள்ளலை உளியால் வட்டமாய் வெட்டி எடுக்கிறேன்.
செங்கல் தெரிகிறது.
வானொலி ஒரு துளி கூடக் கேட்கிறது,
வானிலை அறிக்கை, நாளைக்கும் மழை.
நிரப்பலாம், காயட்டும், அவசரமில்லை.

மிச்சச் சுவரில்
டக். டக்.
கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு
நூற்றுக்குள் பத்து எண்ணி
மறுபடியும்
டக். டக்.